பறந்துபோன கிளியும் பட்டாசுக்கு நடுங்கும் பெரிய நாயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பறவையோ பெரிய நாயோ வளர்ப்பவர்களுக்காக எழுதியது இது. உங்கள் பறவை இப்போதுதான் பறந்துபோயிருந்தால் முதல் மூன்று கேள்விகளை மட்டும் படித்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுங்கள். மற்றதைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

லவ் பேர்ட்ஸ் ஒன்று கூண்டிலிருந்து பறந்துவிட்டது. இந்த நிமிடம் என்ன செய்ய வேண்டும்?

கண்ணை எடுக்காதீர்கள். ஒருவர் அது உட்கார்ந்த கிளையையே பார்த்துக்கொண்டு நிற்கட்டும். இன்னொருவர் கூண்டை எடுத்து வரட்டும். ஜோடிப் பறவை இருந்தால் அதைத் தனிக் கூண்டில் வைத்து மாடியில் வையுங்கள். அதன் குரல் இழுக்கும் அளவுக்கு உங்கள் குரல் இழுக்காது. பக்கத்திலேயே பழைய கூண்டு, கதவு திறந்தபடி, உள்ளே தினையும் தண்ணீரும். ஜோடி இல்லையென்றால் அதே இனப் பறவைகளின் ஒலியைக் கைப்பேசியில் போடலாம். தினம் கேட்டுப் பழகிய சத்தங்களும் உதவும்: தினை டப்பாவைக் குலுக்குவது, நீங்கள் வழக்கமாகக் கூப்பிடும் விதம்.

மரத்தை உலுக்குவது, கல் எறிவது, கழியால் தட்டுவது எதுவும் கூடாது. தெருப் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பறவை கண்ணுக்கு மறைந்துவிட்டால் எந்தத் திசையில் போனது என்று குறித்துக்கொண்டு இஸ்திரி வண்டிக்காரர், அடுக்ககக் காவலாளி, பூக்கட்டும் அம்மா என்று நாள் முழுக்கத் தெருவில் இருப்பவர்களிடம் முதலில் சொல்லுங்கள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படம் போடலாம். காலில் வளையம் இருந்தால் அதன் எண்ணை மட்டும் வெளியிட வேண்டாம். "என்னிடம் இருக்கிறது" என்று யாராவது அழைத்தால் உண்மையா என்று சரிபார்க்க அது வேண்டும்.

இருட்டிவிட்டால் இந்தப் பறவைகள் பெரும்பாலும் இடம் மாறாது. பொழுது சாயும்போது எந்த மரத்தில் அடைந்தது என்று தெரிந்தால், மறுநாள் விடிவதற்கு முன்பே கூண்டோடு அங்கே நில்லுங்கள். இரவு முழுக்கப் பட்டினி கிடந்த பறவை காலையில்தான் இறங்கி வரும். 1965-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையிலிருந்து தப்பிய கோல்டி என்ற பொன்னாங்கழுகு பன்னிரண்டு நாள் ஊரையே வேடிக்கை பார்க்க வைத்தது. வலைகளுக்கெல்லாம் சிக்காமல், கடைசியில் தரையில் வைத்த செத்த முயலுக்காக இறங்கி வந்துதான் பிடிபட்டது.

பக்கத்து மரத்தில்தான் இருக்கிறது, என்னைப் பார்த்துக் கத்தவும் செய்கிறது. ஆனால் கீழே வரமாட்டேன் என்கிறது. பிடிவாதமா?

பறவை வளர்ப்பவர்கள் பலருக்குத் தெரியாத, தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. கூண்டிலேயே வளர்ந்த பறவைக்குக் கீழே இறங்கத் தெரியாது.

மேலே ஏறுவதற்குச் சிறகை வேகமாக அடித்தால் போதும். அச்சமே அந்த வேலையைச் செய்துவிடும். உயரத்திலிருந்து இறங்குவது தனிப் பழக்கம். வேகத்தைக் குறைக்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று உணர வேண்டும், கிளைகளுக்கு நடுவே வழி பார்க்க வேண்டும், சரியான கணத்தில் வாலை விரித்து நிற்க வேண்டும். காட்டுக் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியே வந்த முதல் வாரங்களில் இதையெல்லாம் விழுந்து எழுந்து கற்றுக்கொள்கின்றன. வரவேற்பறையில் திரைச்சீலைக் கம்பிக்கும் கூண்டுக்கும் இடையே பறந்து வளர்ந்த பறவைக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. மாடிப்படி ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழும் குழந்தை மாதிரிதான் அது அங்கே உட்கார்ந்திருக்கிறது.

எனவே மரத்தடியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிடுவதில் பெரிய பயனில்லை. பறவை இருக்கும் உயரத்துக்கு நீங்கள் போக வேண்டும். பக்கத்து வீட்டு மாடியில் அனுமதி கேட்டு ஏறுங்கள். அதற்கு நேரெதிரே, நேர்க்கோட்டில் அல்லது கொஞ்சம் சரிவாகப் பறந்து வரக்கூடிய இடத்தில் கூண்டைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மரத்திலிருந்து மதில், மதிலிலிருந்து தண்ணீர்த் தொட்டி என்று கட்டம் கட்டமாக இறங்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் சில மணி நேரம்கூட ஆகலாம். கையெட்டும் தூரம் வந்ததும் பாய்ந்து பிடிக்கத் தோன்றும், பாயாதீர்கள். அது தானாகக் கூண்டுக்குள் போகட்டும், அல்லது தலையை விதைக்குள் விட்டிருக்கும்போது மெல்லிய துணியைப் போர்த்துங்கள்.

தண்ணீர் பீய்ச்சி நனைத்தால் பறக்க முடியாமல் விழும் என்கிறார்களே?

வேண்டாம். குறி தவறினால் அரைகுறையாக நனைந்த பறவை பதறிப் பறந்து, பறக்க முடியாமல் காக்கைகளுக்கு நடுவே விழும்.

கையில் வந்து உட்காரும், தோளில் தூங்கும். இவ்வளவு பாசமான பறவை ஏன் எங்களை விட்டுப் போனது?

அது உங்களை விட்டுப் போகவில்லை. எதையோ கண்டு பயந்தது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுக் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பட்ஜி எனப்படும் ஆஸ்திரேலியச் சிறு கிளிகள். அங்கே வறண்ட நிலத்தில் தண்ணீரையும் புல் விதையையும் தேடிப் பெருங்கூட்டமாக ஊர் ஊராகத் திரியும் பறவை. வல்லூறு பாய்ந்தால் யோசிக்க நேரமில்லை, கூட்டத்தில் ஒன்று எழும்பினால் எல்லாம் எழும்ப வேண்டும். இந்த அனிச்சை எத்தனை தலைமுறை கூண்டில் வளர்ந்தாலும் போவதில்லை. குக்கர் விசில், ஜன்னலைக் கடக்கும் பருந்தின் நிழல், கையிலிருந்து நழுவிய தட்டு எதுவும் அதைக் கிளப்பிவிடும். கதவு திறந்திருந்தால் அந்த ஒரு வீச்சில் நான்கு வீடு தாண்டியிருக்கும். பயம் தெளிந்து பார்க்கும்போது எந்த மாடி தன் மாடி என்று அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து உங்கள் வீட்டை அது ஒருநாளும் பார்த்ததில்லையே.

எனவே "நன்றி கெட்டது" என்று கோபித்துக்கொண்டு தேடாமல் விட்டுவிடாதீர்கள். வழி தெரியாமல் தவிக்கும் பிராணி அது. முதல் இரண்டு நாள் தேடல்தான் பெரும்பாலும் அதன் உயிரைத் தீர்மானிக்கிறது.

சுதந்திரமாகப் போகட்டுமே, தானாகப் பிழைத்துக்கொள்ளாதா?

பிழைத்த கிளிகள் உண்டு. லண்டனின் பூங்காக்களில் இன்று ஆயிரக்கணக்கில் கத்திக்கொண்டு திரிபவை நம் ஊர்ப் பச்சைக்கிளிகளேதான். கூண்டிலிருந்து தப்பியும் திறந்துவிடப்பட்டும் சேர்ந்தவை 1960-களின் முடிவிலிருந்து அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற அமெரிக்க கிதார் கலைஞர் ஒரு ஜோடியைப் பறக்கவிட்டதால் வந்தவை என்றொரு கதை அங்கே உலவுகிறது, ஆதாரம் இல்லை. இமயமலை அடிவாரக் குளிரைத் தாங்கும் இனம், எதையும் தின்னும், தோட்டங்களில் மக்கள் வைக்கும் தீனியும் கிடைத்தது, முக்கியமாகக் கூட்டம் சேர்ந்தது. அதனால் பிழைத்தது.

பட்ஜியின் கதை வேறு. அமெரிக்காவின் பிளோரிடா கடற்கரையோரம் ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கான பட்ஜிகள் வெளியே வாழ்ந்தன. பிறகு குறைந்து குறைந்து மறைந்தேபோயின. நம் ஊரில் மஞ்சளோ நீலமோ வெள்ளையோ ஆன ஒற்றைப் பறவை, துணையும் இல்லாமல், இரை தேடவும் பழகாமல் காக்கை, வைரிப் பருந்து, பூனை மூன்றுக்கும் கண்ணில் படும்படி உட்கார்ந்திருக்கும். அதைத் திறந்துவிடுவதைச் சுதந்திரம் என்று நான் சொல்லமாட்டேன்.

தொலைந்த பறவை தன் முகவரியைச் சொல்லித் திரும்பி வந்தது என்று படித்தேன். நிஜமா?

நிஜம், இரண்டு முறை ஜப்பானில் நடந்தது. 2008-இல் தோக்கியோவுக்கு அருகே நகரேயாமாவில் ஒரு கூரையில் சிக்கிய ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, காவல் நிலையத்தில் வாயே திறக்கவில்லை. கால்நடை மருத்துவமனைக்கு மாற்றி, சில நாள் பழகிய பிறகு தன் பெயரையும் வீட்டு முகவரியையும் எண் உட்படச் சொன்னது. 2012-இல் சாகமிஹாராவில் ஒரு பட்ஜி, விடுதியொன்றில் தங்கியிருந்தவரின் தோளில் போய் உட்கார்ந்தது. அதுவும் முதலில் மௌனம், பிறகு முகவரி. இரண்டு பறவைகளும் பயம் தெளிந்த பின்புதான் பேசின என்பதைக் கவனியுங்கள்.

சாம்பல் கிளிகளின் அறிவு பற்றிச் சந்தேகமே வேண்டாம். ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் 1977-இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற கிளி, ஐம்பது பொருட்கள் வரை பெயர் சொன்னது, ஏழு நிறங்களைப் பிரித்தது, ஆறு வரை எண்ணியது. 2007-இல் இறந்தது. பட்ஜியும் இளைத்ததல்ல: பக் என்ற பட்ஜி 1,728 சொற்களோடு கின்னஸ் புத்தகத்தில் 1995-இல் இடம்பிடித்தது. உங்கள் பறவை பேசும் ரகமென்றால் பெயரோடு தொலைபேசி எண்ணையும் தினம் ஒரே ராகத்தில் சொல்லிக்கொடுங்கள்.

பச்சைக்கிளி ஒன்று எங்கள் பால்கனிக்கு வந்துவிட்டது. வளர்க்கலாமா?

கூடாது. பச்சைக்கிளி, மைனா, சில்லை உள்ளிட்ட நம் நாட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குஞ்சிலிருந்து வளர்த்தேன், ஆசையாக வளர்த்தேன் என்பதெல்லாம் காரணமாகாது. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூர் பக்கம் வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்தவரைப் பிடித்து வனத்துறை கிளிகளைப் பறிமுதல் செய்தது நினைவிருக்கலாம். வந்த கிளிக்குக் காயம் இருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். காயமில்லையென்றால் பேசாமல் விடுங்கள், அது போய்விடும்.

பட்ஜி, காக்டெய்ல் எனப்படும் கொண்டைக் கிளி, ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் போன்ற வெளிநாட்டு இனங்கள் வந்தால் அவற்றுக்கு எங்கோ ஒரு வீடு இருக்கிறது, தேடும் ஆளும் இருக்கிறார். சாம்பல் கிளி போன்ற பன்னாட்டுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவற்றை வளர்ப்பவர்கள் 2024-இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

சிறகை வெட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

தீராது. இது என் உறுதியான கருத்து. சிறகு வெட்டிய பறவையையும் நல்ல காற்று தூக்கிக்கொண்டு போகும், புதுச் சிறகு முளைப்பதையும் நாம் கவனிப்பதில்லை. வெட்டியாயிற்று என்ற தைரியத்தில் கதவைத் திறந்து போடுவோம். வெளியே போன பிறகு அதனால் காக்கையிடமிருந்து தப்பவும் முடியாது, உங்களிடம் திரும்பிப் பறந்து வரவும் முடியாது. ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பதற்கு ஆகும் செலவு அதிகமில்லை.

புறா மட்டும் எங்கே விட்டாலும் எப்படித் திரும்பி வருகிறது?

வடசென்னையில் பந்தயப் புறா வளர்ப்பவர்களைக் கேட்டால் இந்தக் கேள்விக்கே கோபித்துக்கொள்வார்கள், அத்தனை பழக்கம் அதன் பின்னால் இருக்கிறது. சூரியனின் நிலை, பூமியின் காந்தப்புலம், காற்றில் வரும் வாசனைகள், தெரிந்த சாலைகள் என்று பலவற்றைச் சேர்த்துப் புறா வழி கண்டுபிடிக்கிறது. அந்தத் திறமைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய பறவை அது. இளம் பறவையை முதலில் மாடியிலிருந்து சுற்றிப் பார்க்கப் பழக்கி, பிறகுதான் தூரம் கூட்டுகிறார்கள். நாடோடியான பட்ஜியிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

அறையை விட்டு வெளியே போனதும் கிளி கத்தித் தீர்க்கிறது. எப்படி நிறுத்துவது?

"எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கிறது. கூட்டமாக வாழும் கிளிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபோது இப்படிக் குரல் கொடுத்துக்கொள்ளும். வெனிசுவேலாவில் ஒரு சிறு கிளி இனத்தை ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு குஞ்சுக்கும் பெற்றோர் தனித்தனி அழைப்பொலி தருவதை 2011-இல் வெளியிட்டார்கள், கிட்டத்தட்டப் பெயர் வைப்பதுதான். அடுப்படியிலிருந்து ஒரு சின்ன சீழ்க்கையில் பதில் கொடுத்துப் பாருங்கள். திரும்பித் திரும்பி ஒரே ஒலியில் பதில் வந்தால் அதுவும் கத்தலை விட்டு அந்த ஒலிக்கு மாறக்கூடும். அதட்டினால் கத்தல் கூடும், ஏனென்றால் அதட்டலும் பதில்தானே.

தின்றதைக் கக்கி என் விரலில் வைக்கிறது. நோயா?

தலையை மேலும் கீழும் ஆட்டிக் கக்கி ஊட்டினால் உங்களைத் துணையாக நினைக்கிறது. தலையைச் சிலுப்பி, முகச் சிறகெல்லாம் ஒட்டும்படி சிதறி, சோர்ந்து உட்கார்ந்தால் அது வாந்தி. அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும்.

காக்டெய்ல் நள்ளிரவில் கூண்டுக்குள் அடித்துக்கொள்கிறது.

இருட்டில் ஏதோ சத்தமோ அசைவோ அதைக் கிளப்பிவிட்டிருக்கும். காக்டெய்ல்களுக்கு இது மிகச் சாதாரணம். மெல்ல விளக்கைப் போட்டு, குரல் கொடுத்து அமைதிப்படுத்தி, சிறகில் இரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன இரவு விளக்கு ஒன்று போதும், பெரும்பாலும் நின்றுவிடும்.

எங்கள் கிரேட் டேன் அறுபது கிலோ இருக்கும். ஆனால் தீபாவளிக்குக் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. இவ்வளவு பெரிய நாய்க்கு என்ன பயம்?

உடம்பின் அளவுக்கும் அச்சத்துக்கும் தொடர்பில்லை. நமக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்கு 45,000 வரை. மெல்லிய ஒலியையும் நம்மைவிடத் தொலைவிலிருந்து கேட்கும் காது. எங்கிருந்து வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத வெடிச்சத்தம் அந்தக் காதுக்கு என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரிய நாய்களுக்கு இதில் ஓர் அநியாயம் நடக்கிறது. பொமரேனியன் நடுங்கினால் மடியில் தூக்கி வைக்கிறோம். ராட்வைலர் நடுங்கினால் சிரிக்கிறோம், வீடியோ எடுக்கிறோம், "வெளியே வாடா" என்று பட்டையைப் பிடித்து இழுக்கிறோம். பயந்த நாயை மூலையில் இழுத்தால் சொந்தக்காரரையே கடிக்கும், பெரிய நாயின் கடி பெரிய கடி. அது ஒளியும் இடத்தை அதற்கே விடுங்கள். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, பக்கத்தில் தரையில் உட்காருங்கள். ஆறுதல் சொன்னால் பயப்படுவதே பழக்கமாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஊர் அதோடு நிற்பதில்லை என்பது தெரிந்ததே, ஆனாலும் விடியும் முன்பே நடைக்குக் கூட்டிப்போய் வந்துவிடுங்கள். நடுக்கம் கடுமையாக இருந்தால் சில வாரம் முன்பே கால்நடை மருத்துவரைப் பாருங்கள், மருந்து உண்டு. மனிதர்களின் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

பட்டாசுக்கு மிரண்டு ஓடிய நாய், கண்டுபிடித்தும் என்னைக் கண்டே ஓடுகிறது. மறந்துவிட்டதா?

மறக்கவில்லை. மிரண்ட நிலையில் தன்னை நோக்கி வரும் எதுவும் அதற்கு ஆபத்துதான், உங்கள் உருவம் உட்பட. பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு துரத்தினால் சாலைக்கு ஓடும். நின்ற இடத்திலேயே தரையில் உட்காருங்கள், நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, வாசனையான எதையாவது, பொரித்த மீனோ வேகவைத்த கோழியோ, சுற்றிலும் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் பல நாய்களுக்குத் தன் ஆள் என்று உறைக்கும். உறைத்த கணம் எல்லாம் மாறிவிடும். கடைசியாகப் பார்த்த இடத்தில் நீங்கள் உடுத்திய, துவைக்காத சட்டை ஒன்றை விட்டுவைப்பதும் உதவும்.

சோபாவைக் கிழித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போடுகிறதே, தப்பு என்று தெரிந்துதானே?

அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதைச் சோதித்தார். தின்பண்டத்தைத் தின்னாத நாய்களையும் தின்றதாக நினைத்துச் சொந்தக்காரர் திட்டும்படி ஏற்பாடு. தின்னாத நாய்களும் அதே "குற்ற" முகத்தைக் காட்டின. அந்த முகம் உங்கள் கோபத்துக்கான பதில், நடந்ததற்கான ஒப்புதல் வாக்குமூலம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அடிப்பதில் நாய் கற்பது ஒன்றே ஒன்று, நீங்கள் வீட்டுக்கு வரும் நேரத்தில் பயப்பட வேண்டும் என்பது.

வாலாட்டினால் நட்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?

வால் மட்டும் போதாது. இடுப்பே ஆடும்படி தளர்வாக ஆட்டுவது வேறு, உடம்பு விறைத்து வால் நுனி மட்டும் வேகமாக அசைவது வேறு. இரண்டாவதைக் கண்டால் கையை நீட்டாதீர்கள். இத்தாலியில் 2007-இல் செய்த ஆய்வில், சொந்தக்காரரைக் கண்ட நாய்களின் வால் வலப்பக்கமும், மிரட்டும் அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கமும் கூடுதலாகச் சாய்ந்தது.

ராஜபாளையம் குட்டி கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. திமிரா?

முதலில் காதைச் சோதியுங்கள். தூய வெள்ளை நிறத்தோடு பிறக்கும் குட்டிகளில் சில செவிடாகப் பிறப்பதுண்டு, ராஜபாளையத்தில் இது அறியப்பட்ட குறை. அது பார்க்காதபோது பின்னால் சாவிக்கொத்தை அசைத்துப் பாருங்கள். கேட்காத குட்டியைக் கை அசைவால் பழக்கலாம், நன்றாகவே பழகும். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களின் விஷயம் வேறு. கண்ணால் பார்த்து முயலை விரட்டுவதற்காக வளர்க்கப்பட்டவை. எதிரே ஏதாவது ஓடினால் உங்கள் குரல் அந்த நேரம் அவற்றுக்கு எட்டாது. திறந்த வெளியில் கயிறில்லாமல் விடாதீர்கள்.

பெரிய நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவிக்கிறது. காலையில் பார்க்கலாமா?

கூடாது, இப்போதே கிளம்புங்கள். கிரேட் டேன், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை வாயுவால் உப்பி முறுக்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும், அறுவைச் சிகிச்சை தவிர வழியில்லை. வெறும் வாந்தி முயற்சி, அமைதியின்றி நடப்பது, எச்சில் ஒழுகுவது மூன்றும் சேர்ந்தால் காத்திருக்க வேண்டாம். ஒரே வேளையில் மொத்தத் தீனியையும் போடாமல் பிரித்துப் போடுவதும், தின்றவுடன் ஓடவிடாமல் இருப்பதும் நல்லது.

நாயும் கிளியும் நல்ல நண்பர்கள். ஒன்றாக விட்டுவிட்டு வெளியே போகலாமா?

வேண்டாம். நாய்க்கு விளையாட்டாக வாயில் கவ்வியது பறவைக்கு உயிர் போகும் காயம். கிளி நாயின் பெயரைச் சொல்லி உங்கள் குரலில் கூப்பிடும், நாயும் ஓடி வரும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அது நடக்கட்டும். அடுப்படிப் பக்கமும் கூண்டை வைக்காதீர்கள்: நான்ஸ்டிக் சட்டி காய்ந்து தீய்ந்தால் வரும் புகை பறவைகளை நிமிடங்களில் கொன்றுவிடும்.

வீட்டு நாய்தான், ஊசியெல்லாம் போட்டாயிற்று. கடித்தால் பரவாயில்லைதானே?

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி வேண்டுமா, எத்தனை தவணை என்பதை மருத்துவர் சொல்லட்டும். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது. நாயின் ஊசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சென்னை மாநகராட்சி எல்லையில் செல்லநாய்க்கு உரிமம் கட்டாயம், அதற்கும் இந்த அட்டை கேட்பார்கள்.